பாசிக்குடா: மூடிய ஹோட்டல்களின் சாமான்களை ரசிப்பது எப்படி?

மட்டக்களப்பு நகரை விட்டு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் போனால் பாசிக்குடா. அலை அடங்கிய கடல்; இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். 1966இல் அமைந்த சுற்றுலாச் சபை வெளிநாட்டவருக்காகத் தெரிந்தெடுத்த கரைகளில் இதுவும் ஒன்று. 1970களில் இம்பீரியல் ஓஷியானிக், சன் அண்ட் ஃபன் என்ற ஹோட்டல்கள் இங்கே இயங்கின. 1983க்குப் பிறகு போர் வந்தது, விருந்தாளிகள் வரவில்லை. நெடுங்காலம் இடிந்த சுவர்களே நின்றன. இன்று அங்கே பளபளப்பவை 2009க்குப் பின் எழும்பிய புது ஹோட்டல்கள்.

பழையவற்றின் திறப்பு வளையம், நெருப்புப் பெட்டி, விலைப்பட்டியல், தட்டு, அஞ்சலட்டை இவற்றைத் தேடிச் சேர்க்க விரும்புபவர்களுக்கு இந்தக் கட்டுரை.

மூடிய உணவகத்தின் சாமான்களைச் சேர்ப்பதில் அமெரிக்கர்கள் கைதேர்ந்தவர்கள். 1930களில் ஹாலிவுட்டில் டான் த பீச்கோம்பர் தொடங்கிவைத்த ‘டிக்கி’ உணவகங்களில் தென்கடல் தீவைப் போல ஓலைக்கூரையும் மூங்கிலும் இருக்கும். சிலைமுகம் வார்த்த குவளையில் ரம் கலந்த பானம் வரும். ஒகாயோவின் கொலம்பஸ் நகரில் 1961இல் திறந்த ககீக்கி என்ற டிக்கி உணவகம் 2000இல் மூடி இடிக்கப்பட்டது. அதன் குவளைகளை இன்னும் தேடி வாங்குகிறார்கள். அவர்களிடம் நாம் கற்கவேண்டியது, எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அடிப்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம். கீறல் இல்லாததற்கே விலை என்ற அவர்களுடைய கணக்கு நமக்கு வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அங்கே ஓலைக்கூரை ஒரு கனவு. இங்கே கிடுகு பின்னியவர் பக்கத்து வீட்டுக்காரர். ஆகவே பழைய விளம்பரக் கையேடு ஒன்று கிடைத்தால் முன்னால் வெயில் காயும் வெள்ளைக்காரரைத் தாண்டிப் பின்னணிக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். கூரையின் கட்டு, கரையில் இழுத்துவிட்ட தோணி, தட்டேந்தி நிற்கும் பையனின் உடுப்பு எல்லாம் அங்கே இருக்கும். எனக்கு அந்தப் படங்களில் உயிருள்ள பகுதி அதுதான்.

காலத்தைக் கணிப்பது கடினமல்ல. நாட்டின் பெயர் 1972 மே 22இல் மாறியது. ‘சிலோன்’ என்று அச்சான கடதாசி பெரும்பாலும் அதற்கு முந்தியது. பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் சில நிறுவனங்கள் பழைய பெயரை விடவே இல்லை. விமான நிறுவனத்தின் பெயர் இதைவிட நம்பகமானது. எயார் லங்கா 1979இல்தான் பறக்கத் தொடங்கியது. கையேட்டில் எயார் சிலோன் இருந்தால் அது அதற்கு முந்தியது. தட்டின் அடியில் தங்கொட்டுவை பீங்கான் நிறுவனத்தின் முத்திரை இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த நிறுவனமே 1984இல் வந்தது. அதற்குள் கிழக்குக் கரையின் நல்ல நாட்கள் முடிந்திருந்தன.

அஞ்சலட்டை வாங்கினால் படத்தைவிடப் பின்பக்கத்துக்கு அதிகம் கொடுங்கள். தபால் முத்திரையின் மாதத்தைப் பாருங்கள். தெற்கு, மேற்குக் கரைகளில் மார்கழியை ஒட்டித்தான் கூட்டம். கிழக்கிலோ அப்போது வாடைக்காற்றும் மழையும். இங்கே கடல் தெளிவது சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. ஜூலை, ஆகஸ்ட் முத்திரை குத்திய பாசிக்குடா அட்டை, அந்தக் கரையில் ஹோட்டல் கட்டியதன் காரணத்தையே சொல்லிவிடும்: மேற்கில் ஹோட்டல்கள் காலியாகும் மாதங்களில் கிழக்கு நிரம்பும். இப்படி அனுப்பிய அட்டைகள் ஐரோப்பாவின் பழம்பொருள் சந்தைகளில் கிடக்கும். சுவிஸிலோ ஜெர்மனியிலோ இருக்கும் உறவுகளைத் தேடச் சொல்லுங்கள்.

திறப்பு வளையத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். விருந்தாளி மறந்து எடுத்துப்போகாதபடி அக்காலத்துத் திறப்புகளில் கனத்த கட்டை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அது மரமானால் விளிம்பு எங்கே மழுங்கியிருக்கிறது என்று விரலால் தடவுங்கள். அறை எண்ணின் பள்ளத்தில் அழுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு விருந்தாளி அதைப் பிடித்தது சில நாட்கள். நாள்தோறும் பிடித்தவர் அறை கூட்டியவர். பித்தளையானால் மினுக்க வேண்டாம். நம் வீட்டு வட்டாவைப் புளிபோட்டு மினுக்குவது முறைதான், ஆனால் இங்கே உப்புக்காற்று ஏற்றிய பச்சைக் களிம்பும் பொருளின் ஒரு பகுதி. துணியால் துடைத்தால் போதும்.

இனி முக்கியமான விஷயம். ககீக்கி சொந்தக்காரர்களின் விருப்பப்படி மூடியது. நம்முடைய கரையில் அப்படி நடக்கவில்லை. 1978 நவம்பர் சூறாவளி, போர், 2004 டிசம்பர் 26 கடல்கோள் என்று அடுத்தடுத்து வந்தன. இத்தனைக்கும் பிறகு ஒரு கடதாசித் துண்டு மிஞ்சியதென்றால் யாரோ ஒருவர் இடம்பெயரும்போது அதையும் எடுத்துப் போயிருக்கிறார். கல்குடாவிலோ வாழைச்சேனையிலோ ஒரு வீட்டில் அதைக் கண்டால் விலையை முதலில் பேசாதீர்கள். “ஐயா, இது உங்களிட்ட எப்பிடி வந்தது?” என்று கேளுங்கள். சமையற்கட்டில் நின்றவர் என்றால் என்ன சமைத்தார், சம்பளம் என்ன, கடைசிநாள் எப்படி வெளியேறினார் என்பதையும் கேளுங்கள். அவர் தர மனமில்லாவிட்டால் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பொருள் அவரிடமே இருக்கட்டும். இடிபாட்டிலிருந்து தானே பொறுக்கியதாகச் சொல்லி விற்பவரிடம் நான் வாங்கமாட்டேன். யாருடைய இழப்பு என்று தெரியாத ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ரசிக்க மனம் வராது.

வாவியோரத்து ஈரத்தில் கடதாசி சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். லாமினேட் செய்யாதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு சேதமில்லாமல் பிரிப்பது கடினம். அமிலமற்ற கடதாசி உறையில் போட்டு, நிலத்திலிருந்து உயரமாக, காற்றுப்படும் அலுமாரியில் வையுங்கள். கொடுத்தவர் சொன்னதை அவருடைய பேச்சிலேயே பென்சிலால் எழுதி, தேதி போட்டு, அந்த உறைக்குள் வையுங்கள். அவர் தன் பெயரைப் போட வேண்டாமென்றால், பார்த்த வேலையை மட்டும் குறித்தால் போதும்.