டப்பாவைத் திறந்து பார்ப்பது யார்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2024 டிசம்பரில் தன் இரண்டு கோடியாவது பயனாளியை ஈரோடு மாவட்டம் நஞ்சனாபுரத்தில் எட்டியது. தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதே ஆண்டு கிடைத்தது. தகுதியான விருதுதான். பஸ்ஸுக்குக் காத்திருந்து, வரிசையில் நின்று, அலுத்துப்போய் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேர். கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளோ ஊரைவிட்டுத் தள்ளிக் கிடப்பவை. பிள்ளை திருப்பூரிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பான். வீட்டில் எழுபது கடந்த இருவர், பல இடங்களில் ஒருவர் மட்டும். அங்கே மாதாமாதம் பிரஷர் கருவியோடு வாசலில் வந்து நிற்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

குறை திட்டத்தின் கணக்கில் இருக்கிறது. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பது பதிவாகிறது. அது வேறு எந்த மாத்திரைகளோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது என்பதைப் பார்க்க ஆளில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அம்மாவின் வீட்டில், மாத்திரைகள் போட்டுவைத்த ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த அரசு மாத்திரை அட்டை ஒன்று, பிரஷருக்கான ஆம்லோடிபின். கோவையில் தனியார் மருத்துவர் எழுதிய அட்டை இன்னொன்று; கம்பெனிப் பெயர் வேறு, உள்ளே டெல்மிசார்டனோடு அதே ஆம்லோடிபின். "அது கெவர்மெண்ட் மாத்திரைங்க, இது டாக்டர் குடுத்ததுங்க. ரெண்டும் வேற வேறதானுங் கண்ணு" என்றார் அந்த அம்மா. நிறம் வேறு, அட்டை வேறு. அவர் வேறென்ன நினைப்பார்?

ஆம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கலாம். வீக்கத்துக்கு உள்ளூரில் ஒரு நீர் மாத்திரை எழுதுவார்கள். நீர் மாத்திரை சாப்பிட்டால் அடிக்கடி எழ வேண்டும். இரவில் அவசரமாக எழுந்தால் தலை சுற்றும், பாத்ரூமில் கால் வழுக்கும். இடுப்பெலும்பு முறிந்து வருகிறவரை எல்லோரும் விசாரிப்பது வழுக்கிய தரையைப் பற்றித்தான்.

அதே டப்பாவில் மூட்டுவலிக்கு மெடிக்கல்ஸில் வெட்டி வாங்கிய இரண்டு மாத்திரைகள் கிடந்தன. பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரர் கையில் தங்கிவிட்ட பாதி அட்டையோடு போய்விட்டன. வலி மாத்திரைகளில் பல பிரஷரை ஏற்றிவிடக்கூடியவை. டெல்மிசார்டன், நீர் மாத்திரை இரண்டோடும் சேர்ந்தால் முதியவரின் சிறுநீரகத்துக்கு ஆபத்து. மருந்தியல் படித்தவர்களுக்கு இந்த மூவர் கூட்டணி நன்றாகத் தெரியும். டப்பாவின் சொந்தக்காரருக்குச் சொன்னவர் இல்லை.

ஒரு விஷயத்தில் அரசு அட்டை தனியாரைவிட மேல்: மருந்தின் சொந்தப் பெயரையே தாங்கி வருகிறது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு திறந்த முதல்வர் மருந்தகங்களும் ஜெனரிக் மருந்துகளைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. ஆனால் பெயர் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருந்தால் யாருக்குப் பயன்?

மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துவைக்க மகன் வாங்கி அனுப்பும் ஏழு நாள் பெட்டி நல்லதுதான். இன்று போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தை அது தீர்க்கும். ஆனால் ஒருமுறை தவறாக நிரப்பினால் ஒரு வாரத் தவறு. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரே நாள் போடவேண்டிய மெத்தோட்ரெக்சேட் ஏழு அறையிலும் விழுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சுகருக்குத் தரப்படும் சல்போனைல்யூரியா வகை மாத்திரைகளை முதியவர்களுக்கு முதல் தேர்வாகத் தர வேண்டாம் என்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-இல் புதுப்பித்த பியர்ஸ் பட்டியல். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்பது அதன் கவலை. நம் ஊருக்கு இன்னொரு கவலையும் உண்டு. புரட்டாசி சனிக்கும் அமாவாசைக்கும் விரதம் இருக்கிறவர் சோற்றைத்தான் நிறுத்துகிறார், மாத்திரையை நிறுத்துவதில்லை. விரத நாளில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை.

தன்னார்வலர் மருந்தாளுநர் அல்ல. சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு வீடு வீடாக நடப்பவரிடம் மருந்து ஆய்வையும் ஏற்றுவது நியாயமில்லை. ஆனால் முழு டப்பாவையும் பார்க்கும் வாய்ப்பு மாதாமாதம் அவருக்குத்தான் கிடைக்கிறது. எல்லா அட்டைகளையும் பரப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநர் பார்த்துச் சந்தேகத்தை மருத்துவரிடம் கொண்டு போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடந்தால்கூடப் போதும்.

இதற்குப் பெரிய தடை நேரமோ பணமோ அல்ல. தன்னார்வலர் வரும்போது தனியார் அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்; வெளியில் வைத்தியம் பார்ப்பது தெரிந்தால் அரசு மாத்திரை நின்றுவிடும் என்ற பயம். ஆகவே போட்டோவுக்கு முன் அந்த அம்மாவிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: "நீங்க எங்க வைத்தியம் பாத்தாலும் இந்த மாத்திரை நிக்காதுங்கம்மா."