மலை தெரியும் மனை

கையில் சேர்ந்த முதல் இருபது லட்சத்தோடு திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் இடம் தேடி வருகிறவர்களிடம் தரகர்கள் சொல்லும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: மலை இருக்கும்வரை கூட்டம் வரும், கூட்டம் வரும்வரை விலை ஏறும். முதல் பாதியை அப்படியே நம்பலாம். இரண்டாம் பாதிதான் இடிக்கிறது.

கூட்டம் பொய்யில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். 2024 மே முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நேரடி ரயிலும் வருகிறது. ஆசிரமம் அறைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டவர்களுக்குச் சில நாட்கள் மட்டும் இடம் தரும். மாதக்கணக்கில் தங்க நினைக்கும் வெளிநாட்டு அன்பர்கள் வெளியேதான் வீடு பிடிக்க வேண்டும். செங்கம் சாலையை ஒட்டிய மாடி வீடுகளுக்கு வாடகை வருவது இப்படித்தான். ஆனால் அது நவம்பர் வாக்கில் தொடங்கி மார்ச்சோடு வடிந்துவிடுகிற சீசன். பங்குனி வெயில் ஏறியதும் ஆள் குறைந்துவிடும்.

ஆக, இங்கே சம்பாதித்துக் கொடுப்பது அறை. புதிதாக வருபவரோ வெற்று மனையை வாங்கிப் போடுகிறார். வாடகை தருகிற அந்த வெளிநாட்டவர் நாளைக்கு மனையை வாங்க முடியாது. இந்தியாவில் வசிக்காத, இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகை எடுக்கலாம், அவ்வளவுதான். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைத்தால் பினாமிச் சட்டத்தில் சொத்தே பறிபோகக்கூடும். எனவே உங்கள் மனைக்கு விலை கேட்டு வரப்போகிறவர், அநேகமாக, உங்களைப் போலவே விலை ஏறும் என்று நம்பி வருகிற இன்னொருவர். இந்த வரிசை எங்கே முடியும் என்று தரகரும் சொல்வதில்லை.

செலவைப் பாருங்கள். இருபது லட்சத்துக்குப் பத்திரம் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 1,80,000 ரூபாய். 2023-க்கு முன்பு மொத்தம் 11 சதவீதமாக இருந்தது. அப்போது வழிகாட்டி மதிப்பும் குறைவு என்பதால் இப்போது லாபம் என்று துள்ள ஒன்றுமில்லை. அந்த ஒன்பது சதவீதத்தை மீட்பதற்கே விலை ஏற வேண்டும். மனைக்காகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாதச் சம்பளக்காரர் பலருக்கு, கைவைக்க முடியாத சேமிப்பு இது ஒன்றுதான். வங்கியில் கிடந்தால் கரைந்துவிடும் பணம் மண்ணில் நிற்கும்.

நிற்கும், பத்திரம் நின்றால். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டபோது, வாங்கிப் போட்டவர்கள் விற்கவும் வழியில்லாமல் திகைத்தார்கள். 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. ஆனாலும் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தைப் பிரித்து விற்பவர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டியதில்லை. சின்னச் சின்னதாய் உடைத்து விற்பவர்களை அதனால்தான் கூடுதலாக உற்றுப் பார்க்க வேண்டும். தாய்ப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் நான்கையும் ஒப்பிட வேண்டும். கோயில் நிலமும் ஏரிப் புறம்போக்கும் உள்ள ஊர் இது. சர்வே எண் ஒன்று பிசகினால் போதும். எல்லாவற்றையும் துறந்து வந்த ரமணரே 1938-இல் ஆசிரமச் சொத்துக்காக உயில் எழுத நேர்ந்தது. மேலாண்மை உரிமை கேட்டு வழக்கு வந்த பின்னணியில் எழுதப்பட்டது அது.

'மலையடிவாரம்' என்பதற்குக் கூடுதல் விலை கேட்பதுதான் எனக்குச் சுத்தமாகப் புரியாதது. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று இதே மலையின் சரிவு வ.உ.சி. நகர் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மலை எவ்வளவு அருகில் தெரிகிறது என்று கேட்பவர், மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது என்றும் கேட்க வேண்டும்.

என் கட்சி இது: முதல் சீசனுக்கு மனை வேண்டாம். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அறை அறையாக விட்டு நடத்திப் பாருங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். உள்வாடகைக்கு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வாங்க வேண்டும். இல்லையென்றால் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அதுவே உங்களை வெளியேற்றப் போதுமான காரணம். மே மாதத்தில் எத்தனை அறை காலியாகக் கிடக்கிறது என்று எண்ணிவிட்டுப் பிறகு தரகரிடம் பேசலாம்.