ஒரு கல்லும் ஒரு பெரும் பள்ளமும்

'தி மோட்டார்சைக்கிள் டைரீஸ்' (2004) படத்தைப் போன வாரம் திரும்பவும் பார்த்தேன். 1952ல் இளைஞர் சே குவேராவும் நண்பர் ஆல்பர்தோ கிரனாடோவும் தென்னமெரிக்காவைச் சுற்றிய கதை, வால்டர் சால்ஸ் இயக்கியது. நல்ல படம்தான். ஆனா ஒரு காட்சி உறுத்திக்கிட்டே இருக்கு.

வடக்கு சிலியின் அட்டகாமா பாலைவனம். வேலை தேடிப் போகும் ஒரு கம்யூனிஸ்ட் தம்பதியை இருவரும் சந்திக்கிறார்கள். மறுநாள் சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கத்துக்குக் கூலியாட்களைப் பொறுக்கியெடுத்து லாரியில் ஏற்றுகிறார்கள். கோபத்தில் சே அந்த 'அனகோண்டா' கம்பெனி லாரி மேல ஒரு கல்லை விட்டெறிகிறார். அவ்வளவுதான், சுரங்கத்துக்குள் நாம் போவதே இல்லை.

சே எழுதிய குறிப்புகளில் கதை வேறு. அந்தத் தம்பதி போவது மலையிலிருக்கும் கந்தகச் சுரங்கத்துக்கு. அங்கே நிலைமை அவ்வளவு மோசம், அதனால எந்தக் கட்சின்னு யாரும் கேட்க மாட்டாங்க. அப்புறம் சே சுக்கிகமாட்டாவுக்குள் போகிறார். படிபடியாக வெட்டிய மலை, தாதுவை அரைப்பது, அமிலத்தில் கரைத்து மின்சாரத்தால் செம்பைப் பிரிப்பது என்று பொறுமையாக விவரித்துவிட்டு, கடைசியில் சுரங்கம் பலிகொண்ட தொழிலாளர்களிடம் வந்து நிற்கிறார்.

படம் இதையெல்லாம் ஒரு கல்லாகச் சுருக்கிவிட்டது. பிரச்சினை அமெரிக்க முதலாளி மட்டும்தான் என்றாகிவிடுகிறது. ஆனால் 1971ல் அயெந்தே ஆட்சியில் சிலி நாடாளுமன்றம் ஏகமனதாகச் செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. பள்ளம் மட்டும் நிற்கவில்லை. இன்று நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழம் ஒரு கிலோமீட்டரை நெருங்குகிறது. தூசும் புகையும் தாங்காமலும், கழிவுப் பாறை கொட்ட இடம் வேண்டியும், பக்கத்திலிருந்த தொழிலாளர் ஊரையே காலி செய்து மக்களைக் கலாமா நகருக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய ஆஸ்பத்திரி அந்தக் கழிவுக்குள் புதைந்துபோச்சு. இதைச் செய்தது அரசு நிறுவனமான கோடெல்கோ. படம் வெளியான சமயத்தில் நடந்துகொண்டிருந்த இடப்பெயர்வு இது!

சுரங்கம் யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. அதன் ஓரத்தில் வாழ்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பது இன்னொரு கேள்வி. குறிப்புகளில் ரெண்டும் இருக்கு, படத்தில் முதலாவது மட்டும்தான். படம் பார்த்தவங்க அந்த ஒரு அத்தியாயத்தையாவது படிச்சுடுங்க.