ஊர், புலம், தேயம்: சித்தூர் – திருப்பதிப் பகுதியை முன்வைத்துச் சில கலைச்சொற்கள் பற்றிய திறனாய்வு

1. முன்னுரை

பிறந்து வளர்ந்த ஊரை விட்டு அயல்நாட்டில் வாழ்வோரையும், அவர்கள் தம் ஊராரோடு கொண்டுள்ள உறவையும் குறிக்க இன்று தமிழில் சில சொற்கள் நிலைபெற்றுள்ளன. 'புலம்பெயர்ந்தோர்', 'வெளிநாடுவாழ் தமிழர்', 'அயலகத் தமிழர்' என்பன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தெலுங்கில் 'பிரவாசாந்த்ருலு', 'பிரவாச தெலுகுவாரு' எனும் வழக்குகள் உள்ளன. இவை யாவும் நாட்டையோ மொழியையோ நிலப்பரப்பையோ அடிப்படையாகக் கொண்டு அமைந்தவை. இவற்றுள் எதிலும் 'ஊர்' என்னும் சொல் இடம்பெறவில்லை. ஆனால் அவ்வாறு வாழ்வோர் தம் பேச்சில் மிகுதியாக ஆள்வது அச்சொல்லையே ஆகும்.

கலைச்சொல்லுக்கும் வழக்குச் சொல்லுக்கும் இடையேயுள்ள இவ்விடைவெளி மொழியும் ஊரும் ஒன்றாகப் பொருந்தும் இடங்களில் புலப்படுவதில்லை. ஓர் ஊரில் இரு மொழிகள் வழங்கும்போது அது வெளிப்படுகிறது. அத்தகைய பகுதிகளுள் ஒன்றான சித்தூர் – திருப்பதியை முன்வைத்து மேற்குறித்த கலைச்சொற்களின் போதாமையை எடுத்துக்காட்டுவதும், மொழிபெயர்ப்பில் அதனால் நேரும் இழப்பைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. ஊர் என்னும் சொல்

2.1. 'ஊர்' தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளில் ஒரே வேரிலிருந்து வந்து வழங்கும் சொல்லாகும். பரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதி இதனை ஒரே பதிவின்கீழ்த் தருகிறது. சிற்றூர், பேரூர், நகரம் ஆகிய மூன்றையும் இச்சொல் குறிக்கும்; அளவு பற்றி அது எதுவும் கூறுவதில்லை. ஆங்கிலத்தின் 'ஹோம் டவுன்' என்பதைச் செய்தி மொழிபெயர்ப்புகளில் 'சொந்த நகரம்' எனப் பெயர்ப்பதைக் காண்கிறோம். இது சொல்லில் இல்லாத அளவொன்றை உள்ளே புகுத்துவதாகும்.

2.2. கீழ்வரும் இரு தொடர்களை ஒப்பிடலாம்.

(1) தமிழ்: உங்களுக்கு எந்த ஊர்?
(2) தெலுங்கு: மீதி ஏ ஊரு?

தமிழில் நான்காம் வேற்றுமையும் தெலுங்கில் 'உங்களுடையது' எனப் பொருள்படும் உடைமைப் பெயரும் வந்துள்ளன. இரண்டிலும் வினை இல்லை. பிறந்தீர்களா, வாழ்கிறீர்களா என்ற வேறுபாடும் இல்லை. விடையோ கேட்கப்படும் இடத்தைப் பொறுத்து விரிந்தும் சுருங்கியும் அமைகிறது. சந்திரகிரியைச் சார்ந்த ஒருவர் வெளிநாட்டில் 'திருப்பதி' என்று சொல்வார். திருப்பதியில் 'சந்திரகிரி' என்பார். சந்திரகிரியில் தெருவின் பெயரைச் சொல்வார். எனவே 'ஊர்' என்பது பேசுவோரின் நிலையைச் சார்ந்து பொருள்படும் சுட்டுத்தன்மை வாய்ந்த சொல்லாகும்.

இ. வாலண்டைன் டேனியல் 1984 இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இதனைத் தெளிவாக விளக்கியுள்ளார். 'கிராமம்' என்பது அரசு வரையறுத்த எல்லைகளை உடையது. 'ஊர்' என்பதோ மனிதரை மையமாகக் கொண்டு பொருள்படுவது என்பது அவர் கருத்து. ஆயினும் அவருடைய களம் திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சார்ந்த தமிழ் ஊராதலின், இரு மொழிகள் ஒருசேர வழங்கும் ஊரின் நிலை அங்கு ஆராயப்படவில்லை. அவ்விடத்திலிருந்து நாம் மேற்செல்ல வேண்டியுள்ளது.

2.3. 'ஊர்' என்பதன் மக்கட்பன்மை வடிவம் 'ஊரார்'. ஒருவருடைய ஊரைச் சார்ந்த மக்கள் தொகுதியைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் பலரும் இவ்விடத்தில் 'சமூகம்', 'சமுதாயம்' ஆகிய சொற்களை ஆள்கின்றனர். அவை சாதியையோ ஒட்டுமொத்த மக்களையோ நினைவூட்டுவனவேயன்றி ஊரை நினைவூட்டுவன அல்ல. மேலும் 'ஊரார்' என்பதில் உறவு மட்டுமன்றிக் கட்டுப்பாடும் உண்டு. 'ஊரார் என்ன சொல்வார்கள்?' என்னும் வழக்கு அதனைக் காட்டும்.

திருப்பதியில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நிகழும் தாதய்யகுண்ட கங்கம்மா ஜாதரை இதற்குத் தக்க சான்றாகும். திருவிழாவின் தொடக்க அறிவிப்பு 'சாட்டிம்பு' எனப்படும். அறிவிப்புக்குப் பின் விழா முடியும்வரை ஊரார் ஊரெல்லையைக் கடந்து வெளியே தங்கலாகாது என்பது மரபு. தமிழ்நாட்டு அம்மன் திருவிழாக்களில் 'சாட்டுதல்', 'காப்புக் கட்டுதல்' ஆகியவற்றுக்குப் பின் கடைப்பிடிக்கப்படும் வழக்கமும் இத்தகையதே. தெலுங்கின் 'சாட்டு', 'சாட்டிஞ்சு' என்பனவும் தமிழின் 'சாற்று' என்பதும் இனச்சொற்கள். இம்மரபின்படி ஊரார் எனப்படுவோர் அவ்வறிவிப்புக்குக் கட்டுப்பட்டவர். அயல்நாட்டில் வாழ்பவரோ அறிவிப்பின்போது எல்லைக்கு வெளியே இருப்பவர். எனினும் தம்மை ஊராராகவே கருதுபவர். அவருடைய நிலையின் சிக்கல் இங்குத்தான் உள்ளது. 'புலம்பெயர்ந்தோர்' என்னும் சொல் அவர் எங்கிருந்து நீங்கினார் என்பதைக் கூறுகிறதேயொழிய, எதற்கு இன்னும் கட்டுப்பட்டுள்ளார் என்பதைக் கூறவில்லை.

3. ஊர் பெயராமல் எல்லை பெயர்தல்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 இல் வட ஆர்க்காடு மாவட்டத்தின் வடபகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகிய வட்டங்களையும் இணைத்து உருவாக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாநிலத்தின் பகுதியாயிற்று. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கரின் பரிந்துரையும், அதன் வழிவந்த 1959 ஆம் ஆண்டுச் சட்டமும் யாவரும் அறிந்தவை. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு முதலான பகுதிகள் ஆந்திரப் பிரதேசத்திற்குச் சென்றன. 2022 ஏப்ரல் 4 இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

சத்தியவேட்டிலோ திருத்தணியிலோ இருந்த ஒருவர் ஓரடியும் நகராமலே 1960 இல் வேறு மாநிலத்தவரானார். இவர்தம் வாழ்வில் மாறாதிருந்தது ஊர் ஒன்றே. மாநிலப் பெயரை அடியாகக் கொண்ட 'ஆந்திரர்' போன்ற சொல்லோ, மொழிப் பெயரை அடியாகக் கொண்ட 'தமிழர்' என்னும் சொல்லோ இத்தகையோரின் இணைப்பை முழுமையாகச் சுட்டவல்லன அல்ல.

'திருப்பதி' என்னும் பெயரின் பொருளும் நோக்கத்தக்கது. 'திருப்பதிக்குப் போகிறேன்' என ஒருவர் சென்னையில் கூறின், அது இறைவழிபாட்டுப் பயணம் என்றே கொள்ளப்படும். அயல்நாட்டில் வாழும் திருப்பதிக்காரர் அதே தொடரைக் கூறின், 'வீட்டுக்குப் போகிறேன்' என்பது பொருள். கோயில் அவருக்குத் 'திருப்பதி' அன்று. அது 'மலை' அல்லது 'கொண்ட'. உலகறிந்த தலமாக இருப்பதாலேயே, ஊர் என்ற அளவில் திருப்பதி பிறர் காதில் விழுவதில்லை.

4. மொழிபெயர் தேயமும் புலம்பெயர் மாக்களும்

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகக் குறிக்கிறது. அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் மாமூலனாரின் பாலைப் பாடல்கள் பொருள் தேடிச் செல்லும் தலைவன் 'மொழிபெயர் தேஎம்' புகுவதைக் கூறுகின்றன. மொழி வேறுபடும் நாடு என்பது அதன் பொருள். அகநானூறு 211 ஆம் பாடலில் அது வேங்கடத்துக்கு அப்பாலுள்ளது. ஆகவே இன்று நாம் 'மொழிபெயர்ப்பு' என வழங்கும் சொல்லின் பகுதி, ஒரு காலத்தில் திருப்பதி மலைக்கு வடக்கேயுள்ள நிலத்தைக் குறித்த தொடரில் இடம்பெற்றிருந்தது எனலாம்.

'புலம்பெயர்' என்பதும் பழஞ்சொல்லே. பட்டினப்பாலையில் 'புலம்பெயர் மாக்கள்' என வருமிடத்து, பல மொழி வழங்கும் நாடுகளிலிருந்து காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து கலந்து வாழ்வோர் குறிக்கப்படுகின்றனர். அங்கு இச்சொல்லுக்கு அவலப்பொருள் இல்லை. 1983 ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறியோரின் எழுத்துகளைக் குறிக்க இது கலைச்சொல்லானபோது, திரும்ப இயலாமை என்னும் பொருட்கூறு இதனோடு சேர்ந்தது. அப்பயன்பாடு பொருத்தமானதே. ஆனால் ஆண்டுக்கொருமுறை ஊர் வந்து செல்லும் திருப்பதிப் பொறியாளரையோ மருத்துவரையோ அதே சொல்லால் குறிப்பது இருவேறு அனுபவங்களை ஒன்றாக்குவதாகும். அகதியின் இழப்பையும் அது மங்கச் செய்கிறது.

5. ஒருமொழிச் சங்கமும் இருமொழி ஊரும்

யாழ்ப்பாணத்து ஊர்களைச் சார்ந்தோர் டொராண்டோவிலும் இலண்டனிலும் ஊர்ப்பெயரால் ஒன்றியங்களையும், பள்ளிப்பெயரால் பழைய மாணவர் சங்கங்களையும் அமைத்துள்ளனர். அங்கு ஊரும் மொழியும் பெரும்பாலும் ஒன்றியவை. தென்னிந்தியரின் பெருஞ்சங்கங்களோ மொழியடிப்படையில் அமைந்தவை. 1977 இல் முதல் மாநாட்டைக் கூட்டிய வட அமெரிக்கத் தெலுங்குச் சங்கம், 1987 இல் தோன்றிய வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை ஆகியன எடுத்துக்காட்டுகள். இவை தத்தம் மொழிக்கு ஆற்றிவரும் பணி பெரிது. இங்குச் சுட்ட விரும்புவது பெயரிடலின் விளைவையே ஆகும்.

சித்தூரில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டு தெலுங்கு வழியில் பயின்றவர் தமிழைப் பேசுவார். தெலுங்கையே தடையின்றிப் படிப்பார். அவருக்கு அண்டைவீட்டாரான தெலுங்கர் தமிழைப் புரிந்துகொள்வார், பேசவும் செய்வார். ஊரில் இவ்விருவரும் ஒரே ஊரார். அயல்நாட்டில் ஒருவர் தமிழ்ச் சங்கத்தையும் மற்றவர் தெலுங்குச் சங்கத்தையும் சார்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் வார இறுதியில் வெவ்வேறு மொழிப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். ஊரின் இருமொழித் திறன் ஒரு தலைமுறைக்குள் இரண்டு ஒருமொழித் திறன்களாகப் பிரிவதற்கு இது வழிவகுக்கும். மொழி காக்கப்படுகிறது, ஊரின் மொழிநிலை காக்கப்படுவதில்லை. மொழிப்பேணல் பற்றிய ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

6. கேசவ ரெட்டியின் எழுத்தும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

6.1. ஊரோடு கொள்ளும் இணைப்புக்குப் பேச்சே முதன்மைக் கருவி என்பதற்குத் தெலுங்குப் புதின ஆசிரியர் டாக்டர் கேசவ ரெட்டி நல்ல சான்றாவார். 1946 இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்த அவர், நிஜாமாபாத் மாவட்டம் டிச்பள்ளியில் தொழுநோய் மருத்துவராகப் பல்லாண்டுகள் பணியாற்றி 2015 இல் மறைந்தார். அவர் வாழ்ந்த இடம் தெலங்காணா. வட்டார வழக்கும் வேறு. ஆயினும் அவருடைய புதினங்களின் களமும் பேச்சும் பெரும்பாலும் சித்தூர்ப் பகுதிக்கே உரியவை. 2014 இல் தெலங்காணா தனி மாநிலமானபோது, அவரும் இடம்பெயராமலே வேறு மாநிலத்தவரானார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

6.2. அவருடைய 'அதடு அடவினி ஜயிஞ்சாடு' என்னும் புதினம் ஏ.ஜி. எத்திராஜுலுவின் மொழிபெயர்ப்பில் 'அவன் காட்டை வென்றான்' எனத் தமிழில் வெளிவந்து வாசகரின் மதிப்பைப் பெற்றது. பன்றி மேய்க்கும் முதியவர் ஒருவர் ஓர் இரவில் காட்டில் நடத்தும் போராட்டம் அதன் பொருள். தலைப்பிலேயே ஒரு சிக்கல் உள்ளது. தெலுங்கில் ஆண்பால் படர்க்கைக்கு 'வாடு', 'அதடு' அல்லது 'அதனு', 'ஆயன', 'வாரு' என மதிப்புப் படிநிலைகள் பல உள. தமிழில் 'அவன்', 'அவர்' என்னும் இரண்டே வழங்குகின்றன. 'அதடு' இழிவும் உயர்வும் அற்ற இடைநிலைச் சொல். 'அவர்' எனின் கதைக்குப் பொருந்தா உயர்வு சேரும். 'அவன்' எனின் முதியவர் ஒருவரைப் பொறுத்தவரை இடைநிலை சற்றுக் கீழிறங்கும். மொழிபெயர்ப்பாளர் புனைகதை மரபை ஒட்டி 'அவன்' என்றது ஏற்புடையதே. எனினும் இழப்பு இழப்பே.

6.3. இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. இராயலசீமைத் தெலுங்கின் 'ஏமப்பா' தமிழில் 'என்னப்பா' என இயல்பாக அமர்கிறது. 'ஊரு' 'ஊர்' ஆகிறது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ பெயர்ப்பவர் அயன்மையை எதிர்கொண்டு ஏதேனும் உத்தியைக் கையாள வேண்டியுள்ளது. தமிழில் பெயர்ப்பவருக்கு அத்தேவை எழுவதில்லை. அதனால் வாசகர் அவ்வூரைத் தமிழ்நாட்டுச் சிற்றூராகவே எண்ணிவிடுதல் கூடும். இரு மொழிகளின் நெருக்கமே ஊரின் இருமொழித் தன்மையை மறைத்துவிடுகிறது. 'ஜாதரை', 'சாட்டிம்பு', 'கொண்ட' போன்ற சொற்களைத் தமிழாக்காமல் சூழலால் விளங்கவைப்பது இதற்கு ஒரு தீர்வாகலாம்.

7. ஒரு மறுப்பும் விடையும்

'ஊர்' என்பதைக் கலைச்சொல்லாக உயர்த்துவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தமிழில் 'ஊரும் சேரியும்' எனவும், தெலுங்கில் 'ஊரு, வாட' எனவும் இணைத்துக் கூறும் வழக்கு, ஊர் என்பது அனைவரையும் உள்ளடக்கியதன்று என்பதைக் காட்டும். சித்தலிங்கய்யாவின் கன்னடத் தன்வரலாறாகிய 'ஊரு கேரி' பாவண்ணனின் மொழிபெயர்ப்பில் 'ஊரும் சேரியும்' எனப் பெயர்பெற்றது. தலைப்பே அப்பிளவைச் சுட்டுகிறது. கேசவ ரெட்டியின் பன்றி மேய்ப்பவரும் ஊரின் விளிம்பில் உள்ளவரே. ஆகவே 'ஊரார்' என்னும் சொல்லைக் களங்கமற்ற பாசச் சொல்லாகக் கொள்ளலாகாது. ஆயினும், 'சமூகம்' என்னும் பொதுச்சொல் அப்பிளவை மறைக்கிறது. 'ஊர்' அதனைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. எவருக்கு அது ஊர், எவருக்கு அது ஊர் ஆகவில்லை என்னும் வினா அச்சொல்லை ஆண்டால்தான் எழும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்கும் ஆய்வாளர்க்கும் சில பரிந்துரைகளைத் தொகுத்துக் கூறலாம்.

(அ) 'ஹோம் டவுன்', 'நேட்டிவ் பிளேஸ்' ஆகியவற்றுக்கு 'ஊர்' என்பதும், அதனைச் சார்ந்த மக்களுக்கு 'ஊரார்' என்பதுமே பொருந்தும்.

(ஆ) 'புலம்பெயர்ந்தோர்' என்பதைக் கட்டாய நீக்கத்துக்கு உரியதாக வரையறுத்து, தொழில் கருதி அயல்நாட்டில் வாழ்ந்து ஊர்த்தொடர்பைப் பேணுவோரை 'வெளிவாழ் ஊரார்' எனலாம்.

(இ) எல்லைப்புற இலக்கியத்தை மொழிபெயர்க்கையில் இரு மொழிகளின் இருப்பு வாசகருக்குப் புலப்படுமாறு பெயர்த்தல் வேண்டும்.

(ஈ) அயல்நாட்டில் வாழ்வோரிடம் மொழித்தரவு திரட்டுகையில் தாய்மொழியை மட்டும் பதியாது, ஊரையும் அவ்வூரில் அவர் ஆண்ட மொழிகள் அனைத்தையும் தனித்தனியே பதிதல் வேண்டும்.

1997 இல் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் மூன்று மாநில எல்லைகள் அண்மிக்கும் இடத்தில் அமைந்துள்ளது. இத்தகைய தரவைத் திரட்ட அதனினும் தக்க களம் அரிது. வேங்கடத்துக்கு அப்பால் மொழி பெயர்ந்தது என்பது பழம்பாடல்களின் கூற்று. வேங்கடத்தின் அடிவாரத்தில் இரு மொழிகளும் ஒரே ஊரில் வாழ்ந்து வந்துள்ளன என்பது இன்றைய நடைமுறை. இவ்வுண்மைக்கு இடமளிக்கும் கலைச்சொற்களே அவ்வூராருக்குப் பொருந்துவனவாகும்.