பிழாவும் சாடியும்

சங்கப் பாடல்களில் கள் குறுக்கிடும்போது நம் ஆசிரியருட் சிலர் அவ்வடிகளைத் தாண்டிச் செல்வர். வேறு சிலர், "அக்காலத்துக் கள் சுக்கும் மிளகும் சேர்ந்த மருந்து" என்று பூசி மெழுகுவர். பின்னதே தீது என்பேன். தாண்டியவர் பாட்டைப் பொய்யாக்கவில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். இளந்திரையனை நாடிச் செல்லும் பாணன் வலைஞர் குடியிருப்பிற் பெறும் விருந்து அங்கே பேசப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றுகின்றனர். புற்றாஞ்சோறு போன்ற அடையை அதிற் கலக்கின்றனர்; நெல்முளையை இடித்துச் செய்தது அவ்வடை என்பது உரை. சாடியில் இரு பகலும் இரு இரவும் கழிந்தபின் விரலால் அலைத்துப் பிழிகின்றனர். துணைக்குச் சுட்ட மீன். சுக்கில்லை, மிளகில்லை, இலவங்கமும் இல்லை!

புலவர் கண்ட நுட்பத்தைப் பாருங்கள். முளைத்த நெல், அரிசியின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். நுண்ணுயிர் அச்சர்க்கரையைப் புளிக்கச் செய்து மதுவாக்கும். களி கொதிநிலையில் இருப்பின் அவ்வுயிர் மடியும். ஆதலின் 'ஆற்றி' என்னும் ஒரு சொல்லை நீக்கினால் தொழிலே கெடும்.

அடுத்து வரும் 'வெந்நீர்' என்னும் சொல் இடர் தருவது. சுடுநீர் எனலாம், 'நீர்' என்பதை நீர்மையாகக் கொண்டு, வெவ்விய தன்மை, அதாவது கடுப்பு, எனவும் கொள்ளலாம். சுடுநீரே ஆயினும் அது வடிக்கும் நிலைக்கு உரியது. ஆப்பிள் மதுவைச் சூடாக்கி, பட்டையும் இலவங்கமும் இட்டுக் குளிர்காலத்திற் பருகும் ஐரோப்பிய வழக்கை இங்கே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. கடுப்பு என்பதே எனக்கு உடன்பாடு. விளைந்த கள்ளின் இயல்பைச் சொல்லி வரும் இடம் அது.

"அப்படியாயின் வள்ளுவர்?" என்று மாணவர் வினவுவர், வினவ வேண்டும். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறப்பாட்டில், கள் ஒரு தலைவனின் பகிர்ந்துண்ணும் பண்பை அளக்கும் கோல். குறளின் 93ஆம் அதிகாரம் அதே கள்ளைக் குடிப்பவனின் தாய் முன் நிறுத்துகிறது. ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இங்குக் கள்ளுக்கடைகள் 1979 வரை இருந்தன. 2013 டிசம்பர்க் கலவரத்தின் பின், 2015இல் வந்த சட்டத்தால் லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாயிற்று. குடியால் நலிந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் நம் வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். அப்பிள்ளையிடம் கள் மருந்தென்று சொல்லும் ஆசிரியரின் வேறெந்த உரையை அது நம்பும்?

பயிற்சி ஆசிரியர்களிடம் நான் சொல்வது இது: முதலில் பிழாவையும் சாடியையும் கரும்பலகையில் வரையுங்கள். பாட்டின் வரிசையிலேயே தொழிலை விளக்குங்கள். குறளை அதே பாடவேளையில் வாசியுங்கள், அடுத்த வாரத்திற்குத் தள்ளாதீர்கள்.