தனித்திரைக் கலைஞரும் சீவிதமும்

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள வீரராசேந்திர சோழன் கல்வெட்டு (கி.பி. 11ஆம் நூற்றாண்டு), ஆசிரியர், மருத்துவர் முதலியோர்க்கு அளக்கும் நெல்லைத் தனித்தனியே வரையறுக்கின்றது. தனித்து இயங்கும் திரைக்கலைஞர்க்கு இத்தகைய சீவிதம் வகுத்தாரில்லை.

'அக்கிரகாரத்தில் கழுதை'யை (1977) இயக்கிய ஜான் ஆபிரகாம், 1984இல் கேரளத்தில் தோழர்களுடன் 'ஒடேசா'வைத் தொடங்கினார். ஊர்தோறும் மக்களிடம் திரட்டிய பொருளால் 'அம்ம அறியான்' (1986) உருவாயிற்று. முதலீட்டாளர் தலையீடு இன்மையின், கதைப்போக்கை அவரே வகுத்துக்கொண்டார். இதனைப் போற்றுவாருடன் யாமும் உடன்படுகின்றோம். ஆயின், அவ்வாறு திரட்டும் பொருள் படத்திற்கு உரியது. படைப்போனது அன்றாட உணவிற்கு உரியதன்று. இவ்வேறுபாட்டைத் திறனாய்வாளர் பெரிதும் கருதுவதில்லை. இன்று வீடியோக் கருவி எளிதிற் கிடைப்பினும் இந்நிலை மாறிற்றிலது. ஆகலின், திருமணப் பதிவில் ஈட்டிய கூலிகொண்டு ஆவணப்படம் எடுப்போரை வணிகர் என ஒதுக்குதல் பொருந்தாது.