இராமசேரி இட்டிலி

வடகரப்பதியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் அவற்றை அடுத்த கிராமங்களிலும் தமிழ் வழங்கும் பாலக்காட்டுக் கிழக்குச் சீமையில், விருந்தினரை இரவு தங்கவைத்துக் காலையில் பலகாரம் பரிமாறும் விடுதிக்காரர் எவரேனும் என்னிடம் ஆலோசனை கேட்பாராயின், ரொட்டியையும் ஆம்லெட்டையும் ஒதுக்கிவிட்டு, எலப்புள்ளிக்கு அருகிலுள்ள இராமசேரியின் இட்டிலியை வருவித்துக் கொடுங்கள் என்றே சொல்லுவேன்.

தமிழகத்திலிருந்து, காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து என்பர், தலைமுறைகளுக்கு முன் குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைவண்ணம் இது. நெசவு அவர்களுடைய பூர்விகத் தொழில் என்பதாலோ என்னவோ, அடுப்பிலும் நூலும் துணியும் இடம்பெற்றுவிட்டன. கொதிக்கும் நீர்ப்பானையின் வாயில், குறுக்கும் நெடுக்குமாக நூல் பின்னிய மண்வளையத்தை வைத்து, அதன்மேல் ஈரத்துணி விரித்து, அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த மாவை வட்டமாக ஊற்றி, வேறொரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி, புளியம்விறகின் நிதானமான தீயில் ஆவி மெல்ல ஏறும்படி விட்டால், தோசைபோல் தட்டையாகவும், ஆயினும் மிருதுத்தன்மை சற்றும் குன்றாமலும் அந்தப் பதார்த்தம் சித்தமாகிறது. உலோகத் தட்டின் குழிகளில் வேகும் இட்டிலிக்கு இந்தப் பக்குவம் வாய்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சட்னியும் சாம்பாரும் உண்டு. ஆனால் தேங்காய் எண்ணெயில் குழைத்த பொடியே இதற்கு உத்தமமான துணை. சாதாரண இட்டிலியைவிட அதிக நேரம் கெடாதாகையால், புறப்படும் விருந்தினருக்கு வழிக்கட்டாகவும் கொடுத்தனுப்பலாம்.

இக்கலையைப் பேணும் குடும்பங்கள் இன்று வெகு சிலவே. பாலக்காடு வழியே செல்வோர் காலை வேளையிலேயே இராமசேரிக்குப் போய், சுடச்சுட உண்டு வாருங்கள்.